பந்தய வாரும் பாதுகாப்பும்

வேகத்தின்மேல் விருப்பம் கொள்வது இளமைக்கு இயல்பு. ஏறு தழுவலும் தேரோட்டமும் பெற்றிருந்த இடத்தை இக்காலத்தில் மோட்டார் வண்டி பெற்றுள்ளது. ஈப்போ நகரிலும், ஒருகாலத்தில் பால்மரத் தோட்டங்களாய் இருந்து இன்று செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட பேராக் மாநிலத்தின் ஊர்ப்புறங்களிலும் வளரும் நம் இளைஞர் பலர், தம் உழைப்பில் வாங்கிய புரோட்டோனையோ பெரோடுவாவையோ தாமே பிரித்துப் பூட்டும் திறம் உடையவராய் இருக்கின்றனர். இது பாராட்டத்தக்கதே. எனினும் அவ்வாறு அவர்கள் வண்டியில் சேர்க்கும் பொருள்களுள் ஒன்று, காப்பதற்கென்றே செய்யப்பட்டதாயினும், அரைகுறையாகப் பொருத்தப்படின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. அதுவே ஹார்னஸ் எனப்படும் பந்தய வார்.

தமிழாசிரியர்க்கு இதன் தன்மையை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டு என்பதே பொருள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதுதான் செய்யுள் நிற்கும். ஒரு தளை தட்டினாலும் ஓசை கெடும். வண்டியில் மனித உடலைப் பிணிக்கும் கட்டும் அத்தகையதே. வார், இருக்கை, பிணைப்பிடம், கூரை, தலைக்கவசம், கழுத்துக் காப்பு ஆகிய யாவும் சேர்ந்ததே முழுக்கட்டு. அவற்றுள் வாரை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு ஏனையவற்றை விட்டுவிடுதல், தளை தட்டிய செய்யுளைப் போன்றது. ஆனால் இங்கே கெடுவது ஓசை அன்று; உயிர்.

தொழிற்சாலை தரும் மும்முனை வார்

பந்தய வாரை அறிய வேண்டுமாயின், நாள்தோறும் நாம் பூட்டிக்கொள்ளும் இருக்கை வாரை முதலில் அறிதல் வேண்டும். தோளிலிருந்து மார்பின் குறுக்கே வந்து, இடுப்பைச் சுற்றிச் செல்லும் மும்முனை வாரை இன்றுள்ள வடிவில் அமைத்தவர் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின். அந்நிறுவனம் 1959-ஆம் ஆண்டில் அதனைத் தன் வண்டிகளில் பொருத்தியதோடு, பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்துமாறு விட்டுக்கொடுத்தது. மலேசியாவில் முன்னிருக்கையில் அமர்வோர் வார் பூட்டுதல் 1979 ஏப்ரல் முதல் நாளிலிருந்து கட்டாயமாயிற்று. பின்னிருக்கையினர்க்கு அக்கட்டாயம் 2009 ஜனவரி முதல் நாள் வந்தது.

பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இவ்வாரின் உள்ளே நுட்பம் மிகுதி. மெல்ல இழுத்தால் சுருளிலிருந்து வார் தாராளமாக வரும். வண்டி திடீரென நின்றாலோ வாரை வெடுக்கென இழுத்தாலோ சுருள் பூட்டிக்கொள்ளும். இக்கால வண்டிகளில் மோதிய கணமே வாரை உள்ளிழுத்து இறுக்கும் அமைப்பும், பின்னர் மார்பெலும்பு நொறுங்காதவாறு வாரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் அமைப்பும் உண்டு. அவ்வாறு முன்னோக்கி வரும் தலையையும் மார்பையும் ஏந்துவதற்குக் காற்றுப்பை விரிகிறது. ஆகவே சுருள், இறுக்கி, தணிப்பி, காற்றுப்பை, இருக்கை ஆகிய யாவும் ஒன்றையொன்று எதிர்பார்த்து அமைக்கப்பட்ட ஒரே கட்டு. தஞ்சோங் மாலிம் என்றவுடன் ஆசிரியர்க்கு 1922-இல் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி நினைவுக்கு வரும். அவ்வூரிலேயே 2003 முதல் புரோட்டோன் தொழிற்சாலையும் இயங்குகிறது. அத்தகைய தொழிற்சாலை ஒன்றிலிருந்து வெளிவரும் வண்டியில் இக்கட்டு முழுமையாகவே அமைந்து வருகிறது. அதனைக் கலைப்போர், கலைத்த பின் என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்பே எண்ணியிருத்தல் வேண்டும்.

தட நாள் என்பது யாது?

'டிராக் டே' எனப்படும் தட நாள், பந்தயம் அன்று. பந்தயத் தடத்தை ஒரு குழுவினர் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, கட்டணம் செலுத்துவோர் தம் சொந்த வண்டியை அங்கே ஓட்டிப் பார்க்க வழிசெய்வர். பரிசும் இல்லை, முந்துவோர்க்குப் புகழும் இல்லை. நெடுஞ்சாலையில் பிறர் உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவதினும் இது நூறு மடங்கு நன்று.

நம் நாட்டில் முன்பு பத்து தீகாவில் 1968-இல் திறக்கப்பட்ட தடம் இருந்தது. 1999-இல் சிப்பாங் தடம் திறக்கப்பட்டது. 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 திருப்பங்களும் உடைய அத்தடத்தில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடந்தன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இலும், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இலும் அங்கே ஓட்டினர். அவர்கள் ஓடிய அதே தடத்தில் தம் வண்டியும் ஓட வேண்டும் என்று ஈப்போ இளைஞர் விரும்புவது வியப்பன்று. தாம் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் வண்டியையே இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்று, தடத்தில் ஓட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்புவோரும் உளர். ஒரே வண்டி சாலைக்கும் தடத்திற்கும் பயன்படுவதே இங்கு எழும் சிக்கலுக்கெல்லாம் வேர்.

தடத்தில் பந்தய வாரை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. வேகமாகத் திரும்பும்போது உடல் பக்கவாட்டில் வழுக்கும். மும்முனை வார் அதனைத் தடுக்காது. அதனால் ஓட்டுநர் சுழலியைத் திருப்பும் கையாலேயே தம்மைத் தாங்கிக்கொள்ள நேரும். கதவில் முழங்காலை ஊன்றுவார். பந்தய வார் உடலை இருக்கையோடு ஒன்றாக்கிவிடுவதால், கையும் காலும் தத்தம் தொழிலை மட்டும் செய்கின்றன. ஆயின் உடலை இவ்வாறு அசையாமல் கட்டுவதால் வேறு மூன்று இடர்கள் பிறக்கின்றன. அவற்றை அறிந்து நீக்குவதே பொருத்தும் கலை.

முதல் இடர்: அடியில் நழுவுதல்

பந்தய வாரில் தோள் வார் இரண்டு, இடுப்பு வார் இரண்டு ஆகிய நான்கும் வயிற்றின் நடுவே ஒரு பூட்டில் கூடும். இந்நான்கு மட்டும் உடையது நால்முனை வார். விலை குறைவு, மாட்டுவது எளிது. ஆதலின் பலரும் வாங்குவது இதுவே. ஆனால் தோள் வார்களை இறுக்க இறுக்க அவை நடுப்பூட்டை மேலே இழுக்கும். அதனோடு இடுப்பு வாரும் இடுப்பெலும்பை விட்டு வயிற்றின்மேல் ஏறும். மோதும்போது உடல் வாரின் அடியில் நழுவி முன்செல்ல, வார் மென்மையான வயிற்றை அழுத்தும். ஈரலும் குடலும் சிதைவதற்கு இது போதும். நீரில் அமிழ்வது போன்ற இந்நழுவலை 'சப்மரீனிங்' என்பர்.

இதனைத் தடுப்பதற்கென அமைந்ததே தொடைகளுக்கு இடையே சென்று நடுப்பூட்டைக் கீழே பிடித்து நிறுத்தும் கவட்டு வார். ஒரு கவட்டு வார் உடையது ஐம்முனை. இரண்டு உடையது ஆறுமுனை. ஆறுமுனையில் தொடைக்கு ஒன்றாக வார் செல்வதால் விசை பகிர்ந்துகொள்ளப்படுகிறது. ஓட்டுநர்க்கும் இடர் குறைவு. நால்முனையிலேயே, ஒரு தோள் வாரை மட்டும் மோதும்போது சற்று நீள விட்டு, உடலைச் சிறிது திருப்பி நழுவலைத் தடுக்கும் வகையும் உண்டு. அது குறிப்பிட்ட வண்டிக்கும் குறிப்பிட்ட இருக்கைக்கும் என ஆராய்ந்து செய்யப்படுவது. கடையில் தொங்கும் எல்லா நால்முனை வாரும் அவ்வகையைச் சேர்ந்தன அல்ல.

கவட்டு வார் செல்ல இருக்கையில் துளை வேண்டும். தோள் வார் செல்லவும் துளை வேண்டும். சாலை வண்டியின் சாயும் இருக்கையில் இவை இல்லை. ஆகவே ஆறுமுனை வார் வாங்குவோர் பந்தய இருக்கையும் வாங்கியே தீர வேண்டும். அவ்விருக்கையை வைத்ததும், பழைய இருக்கையில் இருந்த பக்கக் காற்றுப்பையும் அதன் மின்கம்பியும் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் இடர்: கழுத்து

உடல் கட்டப்பட்டிருக்கும், தலை கட்டப்படவில்லை. இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காணலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 16.7 மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, மதிலில் மோதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்பதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, நின்ற தொலைவின் இரு மடங்கால் வகுத்தால் வேகக் குறைவு கிடைக்கும். அது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு. மனிதத் தலை சுமார் 5 கிலோ. கவசம் ஒன்றரைக் கிலோ. இரண்டும் சேர்ந்து அக்கணத்தில் கழுத்தை நூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட எடையால் முன்னோக்கி இழுக்கும். இது சராசரிக் கணக்கே. உச்சம் இதனினும் மிகும். மும்முனை வாரில் மார்பும் தலையோடு சிறிது முன்செல்வதால் கழுத்துக்கு ஓரளவு ஆறுதல் உண்டு. பந்தய வாரில் அதுவும் இல்லை.

1994-இல் இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கரும், 2001-இல் டேட்டோனாவில் டேல் எர்ன்ஹார்ட்டும் மாண்டது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததால். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்க்கே நேர்ந்த முடிவு இது. இதற்கு மருந்தாக அமைந்தது 'ஹான்ஸ்' எனப்படும் கழுத்துக் காப்பு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், பந்தய ஓட்டுநராகிய அவருடைய மைத்துனர் ஜிம் டௌனிங்கும் இதனை உருவாக்கினர். மாட்டின் கழுத்தில் நுகம் அமர்வதுபோல் ஓட்டுநரின் தோளில் இது அமரும். தோள் வார்கள் இதன்மேல் சென்று இதனை அழுத்திப் பிடிக்கும். இதிலிருந்து செல்லும் குறுவார்கள் தலைக்கவசத்தைப் பிடித்து, தலை தனியே பாய்ந்துவிடாமல் நிறுத்தும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2003 முதல் இது கட்டாயம். இரு தோள் வார்களும் இதனை அழுத்த வேண்டுமாதலின், ஒரு தோளில் மட்டும் செல்லும் சாலை வாரோடு இக்கருவி பயன்படாது. பந்தய வார் பூட்டியவர் இதனை அணியாதிருத்தலோ, உடலைக் கட்டித் தலையைக் கைவிட்டதாகும்.

மூன்றாம் இடர்: கவிழ்தல்

வண்டி கவிழ்ந்து கூரை அமுங்குமாயின், மும்முனை வார் பூட்டியவரின் உடல் ஒருபுறம் சாய இடமுண்டு. பந்தய வாரோ முதுகெலும்பைத் தூண்போல் நிமிர்த்தி நிறுத்திவிடும். அமுங்கும் கூரையின் சுமை தலைவழியே முதுகில் இறங்கும். ஆகவே பந்தய வார் உள்ள வண்டியில் கூரையைத் தாங்கும் எஃகுக் குழாய் வளைவும் இருத்தல் வேண்டும். இங்கே மற்றொரு முரண் தோன்றுகிறது. தலைக்கவசம் அணிந்தவர்க்குக் காவலாகும் அக்குழாய், கவசமின்றிச் சாலையில் செல்பவர்க்குப் பகையாகும். சிறு மோதலிலும் வெறுந்தலை எஃகில் படக் கூடும். தடத்திற்கு ஏற்றவாறு ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, வண்டி சாலைக்குரிய தன்மையை இழந்துகொண்டே வருகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தோள் வாரின் சாய்வு

பொருத்துவோர் மிகுதியும் தவறுவது தோள் வாரின் பின்முனையில்தான். பின்னிருக்கையின் வார் பூட்டப்பட்ட போல்ட் தரையில் ஆயத்தமாக இருப்பதைக் கண்டு, தோள் வாரை அங்கேயே இறக்கிவிடுவர். மோதும்போது வார் உடலைப் பின்னோக்கி மட்டும் பிடிப்பதில்லை; சாய்வுக்கு ஏற்பக் கீழ்நோக்கியும் தோளை அழுத்தும். பின்னோக்கிப் பிடிக்கும் விசையை 100 எனக் கொண்டால், வார் 10 பாகை சாய்ந்திருக்கும்போது கீழ்நோக்கிய அழுத்தம் 18. 20 பாகையில் 36. 30 பாகையில் 58. 45 பாகையில் 100. அதாவது 45 பாகைச் சாய்வில், உடலை எவ்வளவு வலிமையோடு பிடிக்கிறதோ அவ்வளவு வலிமையோடு முதுகெலும்பையும் நசுக்குகிறது. பந்தய விதிகளை வகுக்கும் அனைத்துலகக் கூட்டமைப்பாகிய எஃப்.ஐ.ஏ., இருக்கையின் மேல்விளிம்பிலிருந்து வார் கீழ்நோக்கி 45 பாகைக்கு மேல் சாயலாகாது என்றும், 10 பாகைக்குள் இருத்தல் நன்று என்றும் கூறுகிறது. மேலிருந்து நோக்கும்போது, இருக்கையின் நடுக்கோட்டிலிருந்து 20 பாகைக்கு மேல் விலகவோ நெருங்கவோ கூடாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குத் திசையன்களைக் கற்பிக்க இதனினும் உயிருள்ள எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

ஆகவே ஓட்டுநரின் தோள் உயரத்திற்குச் சற்றே தாழ்வாக, முன்கதவுக்குப் பின்னுள்ள இரு தூண்களுக்கும் இடையே ஓர் எஃகுக் குறுக்குக் குழாய் அமைத்து, அதிலே வாரைக் கட்டுதல் வேண்டும். அதனால் மற்றொரு நன்மையும் உண்டு. வார் நெய்த பொருளாதலின் இழுக்கும்போது நீளும். நூற்றுக்குப் பத்து நீளும் என்று வைத்துக்கொண்டால், 50 சென்டிமீட்டர் வார் 5 சென்டிமீட்டர் நீளும். தரைவரை இறங்கும் ஒன்றரை மீட்டர் வார் 15 சென்டிமீட்டர் நீளும். அப்பத்துச் சென்டிமீட்டர் வேறுபாடே முகம் சுழலியில் மோதுவதற்கும் மோதாமைக்கும் காரணமாகலாம். குறுக்குக் குழாய் அமைத்தபின் பின்னிருக்கையில் எவரையும் அமர்த்தலாகாது. மோதும்போது அவர் முகம் அக்குழாயில்தான் படும்.

பிணைப்பிடத்தின் வலிமை

முன்கூறிய மோதலில் 70 கிலோ எடையுள்ள ஓட்டுநரைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை ஒன்றரை டன்னுக்கும் மிகுதி. எஃப்.ஐ.ஏ. விதிப்படி தோள், இடுப்பு வார்களின் பிணைப்பிடம் ஒவ்வொன்றும் 1,470 டெக்கா நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒன்றரை டன் இழுப்பைத் தாங்க வேண்டும். கவட்டு வாரின் பிணைப்பிடம் அதில் ஏறத்தாழப் பாதியைத் தாங்க வேண்டும். வண்டியின் தரையோ மெல்லிய தகடு. அதில் துளையிட்டுச் சிறு வாஷர் ஒன்றை வைத்துப் போல்ட்டை இறுக்கினால், மோதும்போது வாஷரோடு போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். ஆகையால் புதிய துளை இடும் இடத்தில் தகட்டின் அடிப்புறம் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உடைய எஃகுப் பட்டயம் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. தொழிற்சாலையே வாருக்கென அமைத்த இடங்கள் வலிமை உடையவை. இடுப்பு வாரை அவற்றில் மாட்டுதல் தக்கதே. வளையம் உடைய போல்ட்டாயின், வார் இழுக்கும் திசையில் வளையம் அமைய வேண்டும்; குறுக்கே இழுபட்டால் அது வளைந்து முறியும்.

சாலையில் என் செய்வது?

இவையனைத்தையும் செம்மையாகச் செய்த வண்டியிலும், சாலைக்கு வந்ததும் பந்தய வாரைப் பயன்படுத்தலாகாது. பந்தய வாரில் சுருள் இல்லை. இறுக்கிக் கட்டினால் சந்தியில் எட்டிப் பார்க்க இயலாது. டோல் சாவடியில் டச் அண்ட் கோ அட்டையைக் காட்டக் கை நீட்டவும் இயலாது. ஆகவே தளர்த்திவிடுவர். தளர்ந்த பந்தய வாரோ, வார் இல்லாமையை ஒத்தது. உடல் முதலில் தடையின்றிப் பாய்ந்து, பின்னர் வெட்டென நிற்கும். மேலும் சாலையில் சட்டம் வேண்டுவது சாலைக்கென ஒப்புதல் பெற்ற வார். பந்தயக் கூட்டமைப்பின் முத்திரை அவ்வொப்புதல் ஆகாது. ஆதலின் தொழிற்சாலை தந்த மும்முனை வாரைக் கழற்றாமல் காத்து, சாலையில் அதனையே பூட்டுதல் வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள்

வாங்க நினைப்பவர் தம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் நன்று. வாரில் எஃப்.ஐ.ஏ. 8853-2016 போன்ற தரக்குறியும், எவ்வாண்டு வரை செல்லும் என்னும் குறிப்பும் உள்ளனவா? போலி முத்திரைகள் சந்தையில் உலவுவதால், அறிந்த கடையிலேயே வாங்குதல் தகும். வெயிலும் அமிலமும் நூலை நலிவிக்கும். நிறம் வெளிறிய வாரும், ஒருமுறை மோதலைத் தாங்கிய வாரும் கழித்துவிடத்தக்கவை. துளையுள்ள இருக்கை, கவட்டு வார், குறுக்குக் குழாய், கூரை தாங்கும் வளைவு, கழுத்துக் காப்பு ஆகிய இவ்வைந்திற்கும் கையில் பணம் உண்டா? பூட்டும்போது முதலில் இடுப்பு வாரை எலும்பின்மேல் தாழ இறுக்கி, பின்னரே தோள் வாரை இறுக்கும் பழக்கம் வந்துள்ளதா? தீப்பற்றினால் பூட்டை ஒரே திருகில் விடுவித்து வெளியேறிப் பழகியாயிற்றா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையாயின், தட நாளுக்கும் தொழிற்சாலை தந்த மும்முனை வாரோடு செல்வதே அறிவுடைமை. புதிதாகத் தடத்திற்கு வருவோர்க்கு அதில் இழுக்கு ஏதுமில்லை. அவ்வாரும் காற்றுப்பையும் தலைக்கவசமும் சேர்ந்து ஒரு முழுக்கட்டு. நால்முனை வார் ஒன்றைத் தரையில் மாட்டிய வண்டியோ, இரு கட்டுகளின் குறைகளையும் உடையதாய், எதன் நிறைவும் இல்லாததாய் நிற்கும்.

தமிழ்ப்பள்ளியில் படித்து வெளியேறிப் பட்டறைகளில் கைத்திறனோடு உழைக்கும் இளைஞர் பலர்க்குப் போல்ட்டின் அளவு தெரியும். அதனை அங்கே ஏன் வைக்கலாகாது என்பதைச் சொல்வார் குறைவு. தோள் வார், கவட்டு வார், பிணைப்பிடம், சாய்வு என அவர்தம் மொழியிலேயே காரணத்தைச் சொன்னால் அவர்கள் விரைந்து பற்றிக்கொள்வர். அறிவியலைத் தமிழிற் சொல்லுதல் ஏட்டுக்கு அழகு மட்டும் அன்று. ஒரு வீட்டின் பிள்ளை தடத்திலிருந்து நலமே திரும்பி வருவதற்கும் அது துணையாகும்.